டி25 வேன்: பெட்ரோல் டேங்க் அவுட்லெட் சீல் மாற்ற டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

வெள்ளைவேன்84 (கொவன்ட்ரி), சனி காலை

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1984 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி25. 1.9 லிட்டர் வாட்டர்கூல்டு எஞ்சின், கார்புரேட்டர் வண்டி. குளிர்காலம் முழுக்க வாசலிலேயே நின்றது. போன வாரம் வெளியே எடுத்து, டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. கீழே படுத்துப் பார்த்தால் டேங்க் அடியில் சொட்டு.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற பிளாஸ்டிக் முனை, அதாவது அவுட்லெட், ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கிறது அல்லவா, அந்த ரப்பர் கல் மாதிரி இருக்கிறது. நகத்தை வைத்து அழுத்தினால் தடம்கூட விழவில்லை. சுற்றிலும் செம்பழுப்புக் கறை. நாற்பது வருட ரப்பர், வேறென்ன செய்யும்?

அதை மட்டும் கீழிருந்தபடியே மாற்றிவிட முடியுமா, இல்லை டேங்கை இறக்க வேண்டுமா? ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, ஓரளவு ஸ்பேனர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானும் வருவார். இந்த வேனில்தான் என் இரண்டு பிள்ளைகளும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவார்கள். அதனால் அரைகுறையாக முடிக்க மனமில்லை.

---

பட்டறைமணி (வால்தம்ஸ்டோ), சனி மதியம்

தம்பி, முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. வண்டியை இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, ஒரு கேள்வி. டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் சொட்டியதா, பாதிக்குக் கீழே இறங்கிய பிறகும் சொட்டுகிறதா? இதைச் சொல்லாமல் யாராலும் உங்களுக்குச் சரியான பதில் தர முடியாது.

டி25-இல் டேங்க் முன்பக்கம், கேபின் தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. 60 லிட்டர். அவுட்லெட் அடிப்பக்கம் இருக்கிறது. அந்த சீல் போனால் டேங்கில் பெட்ரோல் இருக்கிற வரைக்கும் கசியும், அளவு கூடினாலும் குறைந்தாலும் நிற்காது. ஆனால் டேங்கின் தலையில் வேறு ரப்பர்கள் இருக்கின்றன. இரண்டு முன்சக்கர வளைவுக்குள்ளும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டப்பா இருக்கும். அங்கிருந்து வரும் மூச்சுக்குழாய்கள் டேங்க் மேல்பக்கத்தில் ரப்பர் வளையங்களுக்குள் இறங்குகின்றன. பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் உணரியான சென்டருக்கு ஒரு பெரிய சீல், பெட்ரோல் ஊற்றும் குழாய் வந்து சேரும் இடத்தில் இன்னொன்று. இவை போனால் விளிம்பு வரை நிரப்பும்போதும், வளைவில் திரும்பும்போதும், வெயிலில் நிற்கும்போதும்தான் கசியும். அந்தக் கசிவு டேங்கின் பக்கவாட்டில் வழிந்து அடியில் வந்து சொட்டும். அடியில் சொட்டுவதை மட்டும் பார்த்தால் அவுட்லெட் கசிகிற மாதிரிதான் தெரியும்.

எங்கே சொட்டுகிறது என்று பார்க்காதீர்கள், எங்கே நனையத் தொடங்குகிறது என்று பாருங்கள். டேங்கின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி விடுங்கள். ஒரு மணி நேரத்தில் பவுடரில் ஈரக்கோடு விழும். கோட்டின் மேல்முனை எதுவோ, அங்கேதான் கசிவு.

---

தெஹிவளைபஸ், சனி மாலை

மணி அண்ணை சொன்னதை நானும் வழிமொழிகிறேன். என்னுடையது டி25-க்கு முந்தைய தலைமுறை ஃபோக்ஸ்வேகன், 1974 பே விண்டோ வான், 1600 எஞ்சின். எங்கட வானில் டாங்கி பின்னால், கியர்பொக்ஸுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினைக் கழற்றினால்தான் கையே போகும். அதனால் எஞ்சின் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் பெற்றோல் குழாய் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன்.

ஒருமுறை அப்படி மாற்றாமல் விட்டேன். வெளியில் நூல் பின்னல் போட்ட பழைய குழாய், பார்க்க நல்லாத்தான் இருந்தது. பின்னலுக்குள்ளே ரப்பர் வெடித்திருந்தது தெரியவில்லை. கொழும்புக் காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது வாடை அடித்தது. உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு மனைவியையும் மகளையும் இறக்கினேன். பின்மூடியைத் திறந்தால் தீப்பொறி பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு சாண் மேலே குழாய் வியர்த்துக்கொண்டு நிற்கிறது. எங்கட எஞ்சின் உறை மக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் ஏலாது. அன்றைக்கு வீட்டுக்கு முச்சக்கர வண்டியில்தான் போனோம்.

உங்கட டாங்கி முன்னால், எஞ்சின் பின்னால் என்பதால் ஆபத்துக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு தவழ்ந்து போகும்.

---

வெள்ளைவேன்84, ஞாயிறு இரவு

பவுடர் போட்டேன். குட்டிக்யூரா பவுடர்தான் வீட்டில் இருந்தது.

இரண்டு கோடு விழுந்தது. ஒன்று அவுட்லெட்டைச் சுற்றி, நிலவு மாதிரி ஒரு வட்டம். அது நான் எதிர்பார்த்தது. இன்னொன்று டேங்கின் வலப்பக்கத்தில், மேலேயிருந்து நேராக இறங்குகிறது. அதன் தொடக்கம் டேங்குக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்துக்குள் மறைந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், சேறும் காய்ந்த இலையும்தான் தெரிகிறது. டேங்க் இன்னும் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது.

ஆக மேலேயும் கசிகிறது, கீழேயும் கசிகிறது. நேற்று ராத்திரியே ஓர் அவுட்லெட் சீல் மட்டும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

---

நெடுஞ்சாலைசெல்வி (பிரிஸ்டல்), ஞாயிறு இரவு

நான் கொஞ்சம் வேறுமாதிரி சொல்கிறேன். எங்கள் 1987 வண்டியில் டேங்கை இறக்காமலேயே அவுட்லெட் சீலை மாற்றினோம். டேங்கைக் காலி செய்த பிறகு அரை மணி நேர வேலைதான். மேல்சீல்களை அடுத்த கோடைக்குத் தள்ளிவைத்து, அதுவரை பாதி டேங்குக்கு மேல் போடாமல் ஓட்டினோம். எல்லோரிடமும் டேங்கை இறக்குவதற்கான நேரமும் இடமும் இருக்காது. டேங்கைத் தாங்கும் பட்டைகளின் போல்ட் துருப்பிடித்து முறிந்தால் வண்டி வாசலிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். அதையும் நினைத்துப் பாருங்கள்.

---

பட்டறைமணி, திங்கள் காலை

செல்வி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவுட்லெட் மட்டும்தான் கசிகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் நானும் இறக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதி டேங்க் ஏற்பாட்டை எல்லோருக்கும் சொல்ல எனக்குத் துணிவில்லை. வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஊருக்குப் போகிற அவசரத்தில் முழுசாக நிரப்பிவிட்டால்?

இன்னொரு காரணமும் உண்டு. டேங்கின் மேல்பக்கத்தில் சேறு தங்கும். அந்த ஈரம் நாற்பது வருடம் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டி25 டேங்குகள் பெரும்பாலும் மேலிருந்துதான் துருப்பிடிக்கின்றன. சீல் உட்காரும் துளையின் விளிம்பே அரித்துப் போயிருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. இறக்கிப் பார்க்காமல் அது தெரியாது.

ஓட்டை இருந்தால் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். காலி டேங்கில் மிச்சமிருக்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட மோசமாக வெடிக்கும். புது டேங்க் வாங்கிவிடுங்கள்.

---

மதுரைரப்பர், திங்கள் மதியம்

இந்த இழையை ராத்திரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேன் கிடையாது. ஆனால் மதுரையில் ஒரு ரப்பர் மோல்டிங் யூனிட்டில் 22 வருடம் வேலை பார்த்தவன். சீல் வாங்குவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காலத்து சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். பெட்ரோல், எண்ணெய் இரண்டையும் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். இங்கே இந்தியாவில் இ20-க்கே வந்துவிட்டோம். எத்தனால் சேர்ந்த பெட்ரோலில் நைட்ரைல் அதிகமாக உப்புகிறது. உப்பும்போது ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் கரைந்து வெளியே போய்விடுகிறது. வண்டி மாதக்கணக்கில் நின்று ரப்பர் காய்ந்ததும் பழைய அளவைவிடச் சுருங்கிவிடும், இறுகியும்விடும். ஓடிக்கொண்டிருந்தவரை கசியாத வண்டி குளிர்காலம் நின்ற பிறகு கசிவதற்கு இதுதான் காரணம். அத்தனை நாளும் அந்த சீல் உப்பலால்தான் அடைத்துக்கொண்டிருந்தது.

அதனால் எஃப்கேஎம் ரப்பரில் கேளுங்கள். விட்டான் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். விலை பல மடங்கு, ஆனாலும் கொடுக்கலாம். ஈபிடிஎம் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். ரேடியேட்டர் ஹோஸுக்கு அது நல்ல ரப்பர், பெட்ரோலில் போட்டால் பூரி மாதிரி உப்பிவிடும்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழுப்பாகவும் பச்சையாகவும் இருந்தால்தான் விட்டான் என்பார்கள். கறுப்பிலும் விட்டான் உண்டு, எந்த ரப்பருக்கும் எந்த நிறமும் கொடுக்கலாம். எடையைப் பாருங்கள். அதே அளவு நைட்ரைல் வளையத்தைவிட விட்டான் வளையம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் ஊற்றி, 48 மணி நேரம் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் வெர்னியரால் அளந்து பாருங்கள். நல்ல விட்டான் அளவில் பெரிதாக மாறாது. கொளுத்திப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எரிந்த விட்டானிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு சதையைத் துளைத்து எலும்புவரை போகும்.

---

வெள்ளைவேன்84, புதன் இரவு

மதுரை அண்ணா, இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆர்டர் போட்டிருந்த அவுட்லெட் சீல் நேற்று வந்தது. பெட்டியில் விட்டான் என்று போட்டிருக்கிறது. கடைப் பெயர் இங்கே வேண்டாம். தூக்கிப் பார்த்தால் பழையதற்கும் இதற்கும் எடையில் வித்தியாசமே தெரியவில்லை. ஜாடியில் போட்டுவிட்டேன். வெளிவட்டம் 24.1 மில்லிமீட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை அளப்பேன்.

டேங்கை இறக்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பட்டைகளின் போல்ட்டுக்கு இன்றிலிருந்து காலையும் மாலையும் ஊடுருவும் எண்ணெய் அடிக்கிறேன்.

ஒரு சந்தேகம். டேங்கில் இன்னும் 45 லிட்டராவது இருக்கும். எதில் பிடிப்பது?

---

நெடுஞ்சாலைசெல்வி, புதன் இரவு

நீங்கள் இறக்குவதாக முடிவு செய்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். எங்களுடையதும் இந்த வருடம் இறங்கப்போகிறது.

இங்கே பிரிட்டனில் வீட்டில் 30 லிட்டர் வரைதான் யாருக்கும் தெரிவிக்காமல் வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கேன் ஒவ்வொன்றும் 10 லிட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, உலோகக் கேன் 20 லிட்டருக்கு மேல் கூடாது. அதனால் முதலில் 20 லிட்டர் எடுத்து மச்சான் காரில் ஊற்றிவிடுங்கள், அது பெட்ரோல் கார் என்றால். அப்புறம் மிச்சத்தைக் கேனில் பிடியுங்கள். வாளியில் பிடித்துவிட்டுக் கேனுக்கு மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கழற்றிய முனையில் நீளமான ஹோஸ் ஒன்றை மாட்டி நேராகக் கேனுக்குள் விடுங்கள்.

---

பட்டறைமணி, வியாழன் காலை

திறந்த வெளியில் செய்யுங்கள். காரேஜுக்குள் வேண்டாம். அங்கே பாய்லரோ வாஷிங் மெஷினோ இருந்தால் நினைத்தே பார்க்கக்கூடாது. குழி வைத்த பட்டறையிலும் வேண்டாம். கனமான ஆவி குழியில்தான் போய்த் தேங்கும். பல்பு வைத்த கைவிளக்கு கீழே விழுந்து உடைந்தால் அந்த ஒரு பொறி போதும், அதனால் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், மச்சான் அதன் பக்கத்தில் நிற்கட்டும்.

பழைய பிளாஸ்டிக் முனையை நெம்பாதீர்கள். அது கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், உடைந்தால் பாதி உள்ளே விழும். லேசாகச் சுழற்றிச் சுழற்றி இழுங்கள். முடிந்தால் அதையும் புதிதாகவே போடுங்கள். ரப்பரைத் திருப்புளியால் குத்தி எடுக்க வேண்டாம், துளை விளிம்பில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே கசியும். பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். புது சீலை மாட்டும்போது சுத்தமான எஞ்சின் ஆயிலை விரலில் தொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். சிலிகான் சீலன்ட் வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் அது ஊறி, துண்டு துண்டாகப் பிரிந்து கார்புரேட்டரில் போய் அடைத்துக்கொள்ளும். சீல் சரியாக இருந்தால் பசை எதற்கு?

---

தெஹிவளைபஸ், வியாழன் மாலை

டாங்கி கீழே இருக்கும்போது ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள் தம்பி. சுவரில் ஆர்9 என்று அச்சடித்திருப்பதை வாங்குங்கள், அது எத்தனால் கலந்த பெற்றோலைத் தாங்கும் குழாய்க்கான தரக்குறி. கிளிப்பும் முக்கியம். பட்டையில் வெட்டுத்துளை போட்ட சாதாரண கிளிப் ரப்பரை அரிந்துவிடும். சுற்றிலும் மழமழவென்று இருக்கிற, பெற்றோல் குழாய்க்கென்றே வரும் கிளிப்பைப் போடுங்கள்.

---

வெள்ளைவேன்84, வெள்ளி இரவு

ஜாடி முடிவு: 24.1 இருந்தது 26.0 ஆகிவிட்டது. கையில் எடுத்தால் வேகவைத்த காளான் மாதிரி நெகிழ்கிறது. இதையா 60 லிட்டர் பெட்ரோலுக்குக் கீழே வைக்க இருந்தேன் என்று நினைக்கும்போது உடம்பு நடுங்குகிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

வேறொரு கடையில் அவுட்லெட், மூச்சுக்குழாய்கள், சென்டர், ஊற்றும் குழாய் எல்லாவற்றுக்கும் விட்டான் செட் சொல்லியிருக்கிறேன்.

---

வெள்ளைவேன்84, ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு

டேங்க் இறங்கிவிட்டது.

இத்தனை நாள் எண்ணெய் குடித்தும் ஒரு போல்ட் முறிந்தது. நல்லவேளை, பட்டையின் வெளிப்பக்கத்தில்தான். பட்டைகளையும் புதிதாகவே வாங்கிவிட்டேன். நடுவில் ஓடும் கியர் ராடை ஒரு முனையில் கழற்றி ஓரமாகத் தள்ளினோம். ரேடியேட்டருக்குப் போகும் நீளக் குழாய்களை ஒன்றும் செய்யவில்லை. டேங்கை ஜாக்கியில் பலகை வைத்துத் தாங்கி, ஒரு சாண் இறக்கி, மேலே கைவிட்டு மூச்சுக்குழாய்களையும் சென்டர் ஒயரையும் கழற்றி, பிறகு முழுதாக இறக்கினோம். மேலே கைவிட இடமே இல்லை. மச்சான் கை என்னுடையதைவிடச் சின்னது, அதனால்தான் முடிந்தது.

மேல்பக்கத்தில் இரண்டு கை நிறையச் சேறு. கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வலப்பக்க மூச்சுக்குழாய் சீல் நான் தொட்டதும் நான்கு துண்டாக உடைந்தது. உள்விளிம்பில் பெட்ரோல் வழிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. பவுடரில் விழுந்த இரண்டாவது கோடு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. துளையைச் சுற்றி மேலோட்டமான துரு, ஆனால் அரிப்பு இல்லை. டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அவுட்லெட் முனை உடையாமல் வந்தது. ஆனாலும் புதிதுதான் போட்டேன். புது சீல் துளைக்குள் உட்காரும்போது ஒரு சின்ன 'டப்' சத்தம் கேட்டது. பள்ளம் சுற்றிலும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று விரலால் மூன்று முறை தடவிப் பார்த்தேன்.

---

மதுரைரப்பர், ஞாயிறு இரவு

அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் கவலை இல்லை. அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, அவுட்லெட்டைச் சுற்றி டிஷ்யூ காகிதம் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் பாதி, கடைசியில்தான் விளிம்பு வரை. ஒவ்வொரு கட்டத்திலும் காகிதத்தை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் உலர்ந்துவிடும், வாடை கொஞ்ச நேரம் நிற்கும்.

---

வெள்ளைவேன்84, புதன் இரவு

5 லிட்டர்: காகிதம் உலர்ந்திருந்தது, வாடை இல்லை.

30 லிட்டர்: அதேதான்.

இன்று மாலை இ5 சூப்பர் போட்டு விளிம்பு வரை நிரப்பினேன். வரும் வழியில் ரவுண்டானாவை வேண்டுமென்றே மூன்று தடவை சுற்றினேன். வீட்டுக்கு வந்து மேலே இரண்டு மூச்சுக்குழாய்ப் பக்கமும் கீழே அவுட்லெட்டிலும் கட்டியிருந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் மொரமொரவென்று இருந்தன. வண்டிக்குள் பிள்ளைகளின் பிஸ்கட் வாடை மட்டும்தான்.

---

நெடுஞ்சாலைசெல்வி, புதன் இரவு

அருமை! அடுத்த மாதம் எங்கள் முறை. முறிந்த போல்ட் எந்தப் பக்கத்துப் பட்டையில், முன்பக்கமா பின்பக்கமா? புதுப் பட்டைகளை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

---

வெள்ளைவேன்84, வியாழன் காலை

வலப்பக்கப் பட்டை, முன்முனை. சக்கரம் தெளிக்கும் உப்புத்தண்ணீர் நேராக அங்கேதான் அடிக்கிறது. இரண்டு பட்டைகளையும் போல்ட்டுகளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லுங்கள், மச்சானையும் கூட்டிக்கொண்டு பிரிஸ்டலுக்கு வருகிறேன். கை சின்னதாக இருக்கும் ஆள் ஒருவராவது வேண்டும்.